கோழிக் கை

அத்தானின் காரை முன்னால் நின்று பார்த்தால் அன்றைக்குத்தான் கடையிலிருந்து எடுத்து வந்ததுபோல இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் நசுங்கின ஈயச்சட்டி தோற்றுவிடும். பம்பர் வளைந்து, டிக்கி உள்ளே போய், ஒரு மட்கார்டைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். மாட்டுவண்டி இடித்தது, தேங்காய் லாரி இடித்தது, சைக்கிளில் பால் கொண்டுவந்தவர் பாலோடு வந்து இடித்தது என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கதை உண்டு. இடித்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். “சவம், நல்லா போய்க்கிட்டிருந்த வண்டிய நடுரோட்டுல எதுக்குவே நிறுத்தினீரு?”

அவர் இடப்பக்கம் திரும்புவதற்காக நிறுத்தினார். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. வலப்பக்கம் திரும்புகிறவன் எதிரே வருகிற வண்டிக்காக நிற்பான், அது நியாயம். இடப்பக்கம் திரும்புகிறவன் யாருக்காக நிற்க வேண்டும்? ஓரமாக வந்தோம், ஓரமாகவே வளைந்தோம் என்று போய்விட வேண்டியதுதானே. நாகர்கோவில் முழுக்க அப்படித்தான் போனது. வண்டிக்காரன் தூங்கிவிட்டால் மாடு தானாக அப்படித்தான் போனது. எங்கள் அத்தான் மட்டும் போகமாட்டார்.

அவர் பெயரைச் சொல்லவில்லையே என்று நினைக்க வேண்டாம். அக்கா கடைசிவரை அவர் பெயரைத் தன் வாயால் சொன்னவள் இல்லை. அவளே சொல்லாததை நான் எதற்கு அச்சில் ஏற்ற வேண்டும்? அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், அது போதும். பட்டாளத்தில் லாரி ஓட்டி, சண்டை முடிந்து ஊருக்கு வந்து, சுதந்திரம் கிடைத்த வருஷம் அக்காவைக் கட்டினார். எங்கள் வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான், ஆண்பிள்ளை கிடையாது. அதனால் அப்பா அவர்களை எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே குடிவைத்துவிட்டார். ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கி அத்தான் வாடகைக்கு ஓட்டினார். ஆள் நல்ல உயரம், குரல் மட்டும் மெல்லிசு. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது நன்றாக ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

எனக்குச் சண்டை போடக் காரணம் இருந்தது. இருபத்திரண்டு வயது வரை எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் அது கிழவி வயது. எனக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது மணிமேடைச் சந்தியில் குடைக்கடியில் நின்ற போலீஸ்காரர் கையில் இருந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அவர் கையில்தான் இருந்தது.

எங்கள் வீடு மணிமேடையிலிருந்து கோட்டாறு போகிற ரோட்டில், சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில். வடசேரியிலிருந்து வருகிற யாரும் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால்தான் எங்கள் வீட்டுக்கு வர முடியும். சந்தி நடுவில் வட்டமாக ஒரு மேடை, அதன்மேல் ஒரு பெரிய குடை, குடைக்கடியில் போலீஸ்காரர். அவர் ஒரு பக்கத்துக்குக் கையைத் தூக்கி நிறுத்துவார், இன்னொரு பக்கத்தை வா என்று அழைப்பார். சிகப்பு விளக்கு, பச்சை விளக்கு எல்லாம் அப்போது எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை. எல்லாவற்றுக்கும் கைதான்.

அக்கா கல்யாணமான புதிதில் அப்பா ஒருநாள் மருமகனின் காரில் பெருமையாக ஏறி வடசேரியிலிருந்து வந்தார். சந்தியில் போலீஸ்காரரின் கை தூக்கியிருந்தது. அத்தான் காரை நிறுத்தினார்.

“மாப்பிளே, அது நேரே போறவனுக்குல்லா காட்டுகான். நாம இடத்தே திரும்புகோம். யாருக்கும் குறுக்க போகல்ல. போகலாம்லா?” என்றார் அப்பா.

“மாமா, கை நமக்கு நேரே நிக்கா இல்லியா?”

“நிக்கு.”

“பொறவு?”

சற்று நேரத்தில் கை இறங்கியது. போலீஸ்காரர் வா என்று அழைத்தார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் விலகி முன்னால் போயின. அத்தான் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இப்பம் என்ன மாப்பிளே? கை காட்டியாச்சே?”

“அது நேரே போறவனுக்குக் காட்டினது மாமா. இப்பம் நீங்கதான சொன்னீங்க?”

அப்பா கதவைத் திறந்து இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னார். “உனக்க மருமகன்மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா அவனுக்க கூட வண்டியில போக முடியாது, கேட்டியா?”

அப்போது சந்தியில் நின்றவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளி ஏட்டு. வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். நல்ல மனுஷன். முதலில் அவரும் அத்தானிடம் நியாயமாகத்தான் பேசிப் பார்த்தார். “எடோ, இடத்தே போகான் ஆரோடும் கேக்கண்டா. போ!” என்றார். இடப்பக்கம் போக யாரையும் கேட்க வேண்டாம் என்று அர்த்தம். அத்தான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “கை காட்டணும் சார்” என்றார்.

“இடத்தே போகான் கையே இல்லடோ!”

“இருந்தா காட்டுங்க சார். நிக்கேன்.”

பின்னால் கோட்டாறு சந்தைக்குப் போகிற மாட்டுவண்டிகள் வரிசையாக வந்து அடைத்துக்கொண்டன. வண்டிக்காரர்கள் ஏட்டின் அம்மாவையும் அத்தானின் அம்மாவையும் சேர்த்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஏட்டுக்குப் பொறுமை போய்விட்டது. இடது கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, காயப்போட்ட நெல்லில் வாய் வைக்கிற கோழியை விரட்டுவதுபோல, போ போ போ என்று நாலு உதறு உதறினார். அத்தான் அவருக்கு ஒரு சலாம் வைத்தார். வலது கையை வெளியே நீட்டி, இடப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று வட்டமாகச் சுழற்றிக் காட்டிவிட்டு, அழகாகத் திரும்பி வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து அதுவே அவருக்கான உத்தரவாகிவிட்டது. கறுப்புக் கார் வருவது தெரிந்ததும் ஏட்டின் இடது கை தானாக இறங்கி உதறும். ஊரார் அதற்குக் கோழிக் கை என்று பெயர் வைத்தார்கள். சந்திப் பக்கத்துக் கடைக்காரர்கள், “இன்னைக்கு கோழி வந்தாச்சா?” என்று ஏட்டிடம் கேட்பார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த மானமெல்லாம் இதில் போயிற்று. கூடப் படிக்கிற பெண்கள் என்னைக் கண்டால் பாவாடையை உதறிக் காட்டுவார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. அத்தான் அப்பாவிடம், பட்டாளத்தில் ஒரு நாற்சந்தியில் சிகப்பு விளக்குப் பிடித்து நின்றவனை மதிக்காமல் இடப்பக்கம் திரும்பியதற்காக ஏழு நாள் காவலில் போட்டார்கள் என்று சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு வாத்தியாரிடம், அப்படித் திரும்பின லாரியிலிருந்து ஒரு கூட்டாளி விழுந்துவிட்டான் என்று சொல்லியிருந்தார். அம்மாவிடம் சொன்னபோது அடிபட்டது ஒரு பசுமாடு. நான் கேட்டபோது, “சும்மா ஒரு பயம் மக்கா” என்றார். எது நிஜம் என்று அக்காவுக்கே தெரியாது. “நீ ஏன் தோண்டுக? அவரு நிக்காரு, நின்னுட்டுப் போட்டு” என்பாள். அக்கா எப்போதும் அவர் கட்சி.

நடந்து போகும்போதும் இதே கதைதான். இடப்பக்கச் சந்துக்குள் திரும்புவதற்கு முன்னால் நின்று, வலது கையை நீட்டிச் சுழற்றிவிட்டுத்தான் திரும்புவார். ஒரு திருவிழாவில் அப்படிச் சுழற்றியதில், பின்னால் வந்த ஒரு அம்மாள் கையிலிருந்த பொரிகடலைப் பொட்டலம் பறந்து மண்ணில் சிதறியது. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. அத்தான் அவளிடம் அமைதியாக, “நான் சிக்னல் காட்டினேன்லா?” என்றார்.

சிகப்பு என்றால் அதைவிடப் பயம். சந்தியிலிருந்து வந்தால் எங்கள் வீட்டுக்கு முந்தின வீடுதான் பக்கத்து வீட்டு வாத்தியாருடையது. வேதக்காரர். கிறிஸ்துமஸ் வந்தால் மாடியில் காகித நட்சத்திரம் கட்டி உள்ளே விளக்கு வைப்பார். ஒரு வருஷம் சிகப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். பொழுது சாய்ந்து காரில் வந்த அத்தான் நட்சத்திரத்துக்குக் கீழே நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். வாத்தியார் பிரார்த்தனையை முடித்துக்கொண்டு வெளியே வந்து, வாழ்த்துச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து நீட்டினார். அத்தான் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, “வாத்தியாரே, அடுத்த வருஷம் பச்சைத் தாள் ஒட்டலாமா?” என்று கேட்டார்.

அந்த மனுஷன் இயேசுவே என்று வானத்தைப் பார்த்தார். ஆனால் மறுநாளே பச்சைத் தாள் ஒட்டிவிட்டார்.

இப்படிப்பட்டவரின் காரில் யார் ஏறுவார்கள்? ஏறினார்கள். அவசரமில்லாதவர்களும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் அவரைத் தேடி வந்து ஏறினார்கள். மாதம் நிறைந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால், “அவரு வண்டியில போனா பிள்ளைக்கு ஒரு குலுக்கம் இருக்காது” என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வலப்பக்கம் திரும்பினால் போதும் என்பது ஒரு சௌகரியம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் சம்பந்தம் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. பையனும் அவன் அம்மாவும் வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ராகுகாலம் தொடங்கும் முன் எங்கள் வீட்டில் கால் வைத்துவிட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அத்தான் நல்ல வேட்டி கட்டி, காரைக் கழுவி, அழைத்துவரப் போனார். நான் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ராகுகாலம் வந்தது. அவர்கள் வரவில்லை. ராகுகாலம் பாதி போன பிறகுதான் வந்தார்கள். அந்த அம்மாள் காரை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியே எங்கள் அம்மாவைப் பார்த்து, “பொண்ணு நல்ல பொண்ணாத்தான் இருப்பா. ஆனா ஒரு தொப்பிக்காக அரைமணிக்கூர் நிக்கிற குடும்பத்துல எங்களால சம்பந்தம் பண்ண முடியாது” என்று சொல்லி, அதே காரில் வடசேரிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். ஏட்டு டீ குடிக்கப் போயிருந்தார். போகும்போது வேர்வைக்காகத் தொப்பியைக் கழற்றிக் குடைக்காலில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

“ஆளுதான் இல்லியே அத்தான்! போயிருக்கலாம்லா?” என்று கத்தினேன்.

“தொப்பி இருந்துது மக்கா.”

நான் ஒரு மாசம் அவரோடு பேசவில்லை. அவர் தினமும் சாயங்காலம் அடுக்களை ஜன்னலில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வைத்துவிட்டுப் போவார். எனக்கு மட்டிப்பழம் என்றால் உயிர் என்பது அவருக்குத் தெரியும். பேசாமல் இருந்தேனே தவிர, பழத்தை விடவில்லை.

எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூரோடு இருந்தது. அந்த வருஷங்களில் ஊரெல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற பேச்சுத்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் வேண்டும், ஆபீசில் தமிழ் வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். அத்தானும் கொடி பிடித்துப் போனார். அவர் நியாயம் வேறு. “மதராஸ்ல விளக்கு வச்சிருக்கானாம் மக்கா. சிகப்புன்னா நிக்கணும், பச்சைன்னா போகணும். இடத்தே போறவனுக்குன்னு தனியா அம்பு போட்ட விளக்கும் வருமாம். அவன்கூட சேந்தாத்தான் நமக்கும் விளக்கு வரும்” என்றார். ஊர்வலம் சந்தியில் இடப்பக்கம் திரும்பியபோது இவர் மட்டும் கொடியோடு நின்றுவிட்டார். பின்னால் கோஷம் போட்டு வந்த கூட்டம் இவர் முதுகில் வந்து மோதியது. ஏட்டு வேண்டா வெறுப்பாக ஊர்வலம் முழுவதற்கும் கோழிக் கை காட்ட வேண்டியதாயிற்று.

கடைசியில் சேர்ந்தோம். விளக்கு வரவில்லை. ஏட்டுதான் போய்விட்டார். மலையாளி போலீஸ்காரர்கள் எல்லாம் கேரளத்துக்கு என்று பிரித்துவிட்டார்கள். அவர் புறப்படுகிறதற்கு முந்தின நாள் அத்தான் ஒரு கோழியை வாங்கிக் காலைக் கட்டி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். கேலிக்கு இல்லை, மனதாரக் கொடுத்தார். ஏட்டுக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. அன்றைக்கு அத்தான் தேவையே இல்லாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் திரும்ப உத்தரவு வாங்கிக்கொண்டார் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த மாசம், கார்த்திகையில், என் கல்யாணம். மாப்பிள்ளை தக்கலையில் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்துவிட்டார்கள், அதனால்தான் அதுவரை எல்லாம் நல்லபடியாக நடந்திருந்தது. ஆனால் கல்யாணத்தன்று மாப்பிள்ளை நடந்து வர முடியாது. வடசேரியில் மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த இடத்திலிருந்து பெண்ணின் சகோதரன் போய் அழைத்துவர வேண்டும். வாசலில் கால் கழுவும்வரை மாப்பிள்ளையின் கால் தெருவில் படக் கூடாது. நடுவழியில் இறங்கினால் கல்யாணம் முறிந்தது என்று எங்கள் ஆட்களிடம் அர்த்தம். எங்களுக்குச் சகோதரன் இல்லை. அந்த உரிமை மூத்த மருமகனுக்கு.

“வேற கார் வையுங்கப்பா. உங்க கால்ல விழுகேன்” என்றேன் அப்பாவிடம். அப்பாவும் தலையை ஆட்டினார். ஆனால் பின்கட்டில் அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. நாலு பேர் நடுவில் அவள் வீட்டுக்காரருக்கு உள்ள ஒரே மரியாதை இது. இதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அப்பாவிடம் திரும்பிப் போய், “அத்தானே ஓட்டட்டும்” என்று சொன்னேன்.

அத்தானும் லேசாக விட்டுவிடவில்லை. இடப்பக்கமே திரும்பாமல் வரும் ஒரு சுற்றுவழி இருந்தது, ஆனால் அது சுடுகாட்டு வழி. மாப்பிள்ளையை அந்த வழியாகக் கொண்டுவர முடியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே சந்திக்குப் போய், புதிதாக வந்திருந்த போலீஸ்காரரிடம் எல்லாவற்றையும் விளக்கி, கோழிக் கையையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். “நல்ல பையன். ஒரு தடவையில படிச்சுக்கிட்டான்” என்று சந்தோஷமாகச் சொன்னார்.

காலையில் சந்தியில் நின்றது வேறு ஆள்.

முகூர்த்தம் ஒன்பதரைக்குள். நான் பட்டுடுத்தி, மாலை போட்டு உட்கார்ந்திருந்தேன். மேளக்காரர்கள் வாசலில் தயாராக நின்றார்கள். ஒன்பது மணி ஆயிற்று. பந்தலில் பேச்சு மெல்ல அடங்கிற்று, அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“பாப்பா, கார் சந்தியில நிக்கு.”

“எவ்வளவு நேரமா?”

“நான் கடைக்குப் போகும்ப நின்னுது. திரும்பி வரும்பவும் நிக்கு.”

அவர் சொன்னது இதுதான். அப்பா ஓடிப்போய்ப் போலீஸ்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறார். காருக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன், “கோழி வெரட்டும்வே! கோழி வெரட்டும்!” என்று போலீஸ்காரரைப் பார்த்துக் கத்துகிறார். போலீஸ்காரர் மதுரைப் பக்கத்து ஆள், வந்து நாலு நாள் ஆகவில்லை. யூனிபாரம் போட்டவனைக் கோழி மேய்க்கச் சொல்கிறார்களே என்று அவர் கொதித்துப் போய் நிற்கிறார். மாப்பிள்ளை இறங்கக் கூடாது. அத்தான் நகரமாட்டார். “முகூர்த்தம் தப்பினா இப்படியே தக்கலைக்குப் போயிருவோம்” என்று தாய்மாமன் சொல்லிவிட்டார்.

நான் எழுந்தேன். “ஏட்டி, எங்க போற?” என்று அம்மா கையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தேன். மணப்பெண் தெருவில் இறங்கி நாற்சந்திக்குப் போகக் கூடாது என்று எங்கள் சம்பிரதாயத்தில் எங்கும் சொல்லவில்லை. அப்படி ஒருத்தி போவாள் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அக்கா என் பின்னாலேயே ஓடி வந்தாள்.

சந்தியில் நாலு பக்கமும் வண்டி. நடுவில் எங்கள் கறுப்புக் கார், முன்பக்கமெல்லாம் வாழைக்கன்றும் பூவும். அத்தான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் போலீஸ்காரரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. திட்ட வேண்டும் என்றுதான் வேகமாகப் போனேன். கிட்டே போனதும், அவர் ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை இடப்பக்கம் திருப்புவதும் உடனே நேராக்குவதும் தெரிந்தது. அவருக்குத் திரும்ப ஆசை, திரும்ப முடியவில்லை. பிடிவாதம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே, பாவி. மனுஷன் பயந்து செத்துக்கொண்டிருந்தார்.

நான் நேரே குடைக்குப் போனேன். போலீஸ்காரர் என்னையும் என் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீயி கல்யாணப் பொண்ணாம்மா?”

“ஆமாண்ணே. அந்தக் காருக்குள்ள இருக்கதுதான் மாப்பிள்ளை. உங்க வீட்டுல கோழி இருக்கா?”

“என்னம்மா, நீயுமா?”

“இருக்கா இல்லியா, சொல்லுங்கண்ணே.”

“இருக்கு. இருபது முப்பது கெடக்கு.”

“நெல்லு காயப்போட்டா எப்பிடி வெரட்டுவீங்க?”

அவர் ஊர் ஞாபகம் வந்ததோ, என் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தாரோ, தெரியவில்லை. “எங்க ஆத்தா வெரட்டும். நானும் வெரட்டுவேன்” என்றார்.

“அந்தக் காரைக் கோழின்னு நெனச்சு ஒருதடவை வெரட்டிருங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் ஒரு நிமிஷம் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும், “ச்சூ! ச்சூ! போ! அந்தப் பக்கம் போ!” என்று விரட்டினார் பாருங்கள், ஏட்டெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். சந்தியே கைதட்டியது. அத்தான் அவருக்கு ஒரு சலாம் வைத்தார், கையை நீட்டிச் சுழற்றினார், இடப்பக்கம் திரும்பினார்.

தாலி ஏறும் முன் நான் அந்தக் காரில் ஏற முடியாது. அதனால் நானும் அக்காவும் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனோம், கார் பின்னால் ஊர்ந்து வந்தது. வாசலில் நின்ற மேளக்காரர்கள் இதுவும் ஏதோ சடங்கு என்று நினைத்து எதிரே வந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். காருக்குள் தாய்மாமன், “ரோட்டுல வந்து போலீசுகூட வழக்காடுக பொண்ணு நமக்குத் தேவையா?” என்று கேட்பது எனக்குக் கேட்டது. அதற்கு மாப்பிள்ளை சொன்னதும் கேட்டது.

“அவ வரல்லேன்னா நாம இப்பவும் அங்கனதான் நிப்போம் மாமா.”

முகூர்த்தத்துக்குள் தாலி ஏறிவிட்டது. வேலை முடிந்து அந்தப் போலீஸ்காரரும் வந்து பந்தியில் உட்கார்ந்தார். அத்தானே நின்று அவருக்குப் பாயசம் பரிமாறினார்.

சாயங்காலம் என்னைத் தக்கலைக்கு அனுப்பினார்கள். முன்னால் அத்தானும் அக்காவும், பின்னால் நானும் அவரும். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துத்தான் ஏறியிருந்தேன். தக்கலைக்குப் போக மணிமேடைச் சந்தியில் எந்தப் பக்கமும் திரும்ப வேண்டாம், நேர் ரோடு. குடைக்கடியில் மாலை வேலைக்கு வந்தவர், முந்தின நாள் அத்தானிடம் பாடம் படித்த பையன். பூ கட்டின காரைக் கண்டதும் மற்ற மூன்று பக்கத்தையும் நிறுத்தி, எங்களை நேரே வா என்று அழைத்தார். முன்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை.

அத்தான் காரை நிறுத்தினார்.

“என்ன அத்தான்? நேரேதானே போகணும்?”

“ஆமா மக்கா.”

“கை காட்டியாச்சே.”

“பாத்தேன்.”

வண்டி நகரவில்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் அத்தானின் முகம் தெரிந்தது. கண் இரண்டும் சிவந்து நிரம்பியிருந்தன. ஒன்பது வருஷமாக அந்தச் சந்தியில் எத்தனையோ தடவை, போங்க அத்தான், போங்க அத்தான் என்று கத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் போங்க என்று சொல்ல வாய் வரவில்லை. போலீஸ்காரர் விசில் ஊதினார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

என் பக்கத்தில் இருந்தவர் முன்னால் சாய்ந்து அத்தானின் தோளில் கை வைத்தார்.

“பைய போனாப் போதும் அண்ணாச்சி. நமக்கு ஒரு அவசரமும் இல்ல.”

காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரை அப்போதுதான் நான் நன்றாகத் திரும்பிப் பார்த்தேன்.